12 நாளாகியும் போகாத கருகல் வாடை

கேள்வி: மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். 12 நாள்களுக்கு முன் குக்கரில் கொண்டைக்கடலையை வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் கீழே போனவள், அடுப்பை மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சேஃப்டி வால்வ் உருகி, வீடு முழுவதும் மஞ்சள் புகை. அன்று முதல் காலையும் மாலையும் சாம்பிராணி போடுகிறேன். வெங்காயம் வெட்டி வைத்தேன், எலுமிச்சையும் கிராம்பும் கொதிக்க வைத்தேன், ஸ்பிரே அடித்தேன், ஃபினாயில் ஊற்றித் தரையை மூன்று முறை துடைத்தேன். கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்ததும் முதல் நாள் போலவே ஆகிவிட்டது. கணவர் வீடு முழுவதும் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார். மகளின் பள்ளிச் சீருடையில்கூட வாடை அடிப்பதாகப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை சொன்னாளாம். அதைக் கேட்டு அழுதுவிட்டேன். வீட்டில் என் அத்தைக்கு (மாமியார்) ஆஸ்துமா உண்டு. இன்னொன்று: அத்தை தன் அறையில் இரவு நேரத்தில் ஒயர் தீய்வது போல ஒரு வாடை வருகிறது என்று நான்கு நாளாகச் சொல்கிறார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே கடலை வாடைதான் என்று விட்டுவிட்டோம்.
— வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கருகிய கடலையின் வாடை பெரும் தொல்லைதான். ஆனால் அது வீட்டைக் கொளுத்திவிடாது. அத்தை சொல்லும் ஒயர் வாடையை அப்படி விட்டுவிட முடியாது. இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அவர் அறைக்குப் போய்ப் பாருங்கள்.

இரவில் மட்டும் வாடை வருகிறது என்றால், அந்த அறையில் இரவில் மட்டும் ஓடுவது எது? ஏசியா, கொசுவிரட்டியா, நெபுலைசரா, கைப்பேசி சார்ஜரா? புகைபட்ட வீடுகளைக் கழுவிச் சீராக்கும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். ‘எதுவுமே கருகவில்லை, ஆனால் கருகல் வாடை வருகிறது’ என்று அழைத்த வீடுகளில் நான் அதிகம் பார்த்தது ஏசியின் 16 ஆம்பியர் பிளக்தான். சாக்கெட்டுக்குள் பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகடு நாளடைவில் தளர்ந்துவிடும். பிடி தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மெல்ல வேகத் தொடங்கும். தொடக்கத்தில் அது கருகல் போலக்கூட இருக்காது. மீன் கவிச்சி போலவோ பழைய மூத்திர வாடை போலவோ இருக்கும். சைவம் சமைக்கும் வீட்டில் மீன் கவிச்சி வந்தால் சாக்கெட்டைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

பிளக்கின் பின்னைச் சுற்றிப் பழுப்போ கறுப்போ ஏறியிருக்கிறதா? சுவிட்சுப் பலகை ஓரிடத்தில் மட்டும் மஞ்சளாகியிருக்கிறதா? கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பலகைமேல் புறங்கையை வைத்தால் சுடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அன்றைக்கே அழையுங்கள். ‘எம்சிபி இருக்கிறதே, ஆபத்து என்றால் தானே விழுந்துவிடுமே’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால்தான் எம்சிபி விழும். தளர்ந்த இணைப்பில் பாய்வது வழக்கமான அளவு மின்சாரமே. சூடு மட்டும்தான் கூடுகிறது. அது எம்சிபிக்குத் தெரியாது. வாடையை உணர்ந்த அத்தையின் மூக்குதான் அங்கே காவல்.

மின்பணியாளர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி, அதன் பிறகும் அத்தைக்கு மட்டும் அந்த வாடை வந்துகொண்டிருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இல்லாத வாடையை மூக்கு உணர்வது உண்மையிலேயே உள்ள ஒரு நிலை. சைனஸ் தொல்லை, சளிக் காய்ச்சல், கொரோனா இவற்றுக்குப் பிறகு சிலருக்கு வரும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும். அரிதாக நரம்புக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கும். அப்படி வருகிறவர்களில் பலர் உணர்வது கருகல் வாடையைத்தான். ‘உங்களுக்குப் பிரமை’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இனி கடலைக்கு வருவோம்.

குக்கரில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. வெப்பம் விறுவிறுவென்று ஏறும். கடலையில் உள்ள புரதமும் மாவுச்சத்தும் முதலில் சிவந்து, பிறகு தீய்ந்து, சிதைந்து புகையாகின்றன. அடிச்சூடு தாங்காமல் சேஃப்டி வால்வின் உலோகக்கலவை உருகியபோது, அந்தப் புகை முழுவதும் ஒரே பீய்ச்சலில் மேலே அடித்திருக்கும். உங்கள் அடுப்புக்கு நேர்மேலே விட்டத்தை அண்ணாந்து பாருங்கள். கைப்பிடி அகலத்தில் ஒரு மங்கல் வட்டம் தெரியலாம்.

புரதம் தீய்ந்த புகைக்கு ஒரு குணம் உண்டு. பிளாஸ்டிக்கோ டயரோ எரிந்தால் வீடு கறுத்துப்போகும். எங்கே துடைக்க வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். பருப்பு, பால், கறி, மீன் தீய்ந்தால் சுவர் கறுக்காது. மிக மெல்லிய, லேசாக மஞ்சள் பாய்ந்த, பிசுபிசுப்பான ஒரு படலம் மட்டும் எல்லாவற்றின் மேலும் படியும். வெள்ளைச் சுவரில்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நெடி என்னவோ டயர் எரிந்த வீட்டைவிட அதிகமாக இருக்கும். எங்கள் தொழிலில் கறுத்துப்போன வீட்டைக் கண்டு யாரும் பயப்பட மாட்டோம். பளிச்சென்று இருந்துகொண்டு நாறும் வீட்டுக்குத்தான் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்போம்.

அந்தப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அவை எங்கெல்லாம் நுழையும் என்று நினைத்துப் பாருங்கள். மூடிய அலமாரிக் கதவின் இடுக்கு அவற்றுக்கு வாசல் மாதிரி. சூடான புகை மேலே ஏறி, விட்டத்தையொட்டிப் பரவி, குளிர்ந்த பரப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே படிந்துவிடும்: ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ், குளியலறைச் சுவர், இரும்பு பீரோ, ஏசியின் உட்பகுதி. அன்று வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் சமையலறைப் புகையை அது உறிஞ்சித் தன் குளிர்க்குழாய்களில் பூசிக்கொண்டிருக்கும். இப்போது போடும்போதெல்லாம் திருப்பித் தருகிறது. வடிகட்டியைக் கழற்றி நீங்களே கழுவலாம். உள்ளே உள்ள குழாய்களைக் கழுவ ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆக, வாடை இப்போது காற்றில் இல்லை. காற்றில் இருந்தது முதல் நாளே ஜன்னல் வழியாகப் போய்விட்டது. பரப்புகளில் ஒட்டியிருக்கும் படலம்தான் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாடையை அவிழ்த்து விட்டுக்கொண்டிருக்கிறது. மழைக்கு ஏன் கூடியது என்பதற்கும் காரணம் இதுவே. காற்றில் ஈரம் ஏறும்போது, அந்த ஈரம் பரப்புகளில் போய் உட்கார்ந்து, அங்கே ஒட்டியிருந்த வாடைப் பொருள்களைக் கிளப்பி விடுகிறது. மழைக்காக ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள்.

நீங்கள் செய்து பார்த்தவை ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரியும். அவை எல்லாமே காற்றுக்குச் செய்த வைத்தியம். தரையை மூன்று முறை துடைத்ததில் குற்றமில்லை. ஆனால் புகை உட்கார்ந்தது மேலே, நீங்கள் துடைத்தது கீழே. வெங்காயம் தன் வாடையை வீசுமே தவிர, எதையும் இழுத்துக்கொள்ளாது. எலுமிச்சையும் கிராம்பும் கொதிக்கும்வரை மணக்கும். அந்த நீராவி போய்ச் சுவரில் படிந்து, படலத்தை இன்னும் ஈரமாக்குவதுதான் மிச்சம்.

சாம்பிராணியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணி போட்ட வீட்டின் மணம் எனக்கும் பிடிக்கும். என் அம்மாவின் ஈரத்தலையில் அந்த மணம்தான் இருக்கும். ஆனால் அதுவும் புகை. கடலைப் புகையைப் போலவே நுண்துகள்களும் பிசினும் கொண்ட புகை. 12 நாள் காலையும் மாலையும் போட்டதில், கருகல் படலத்தின்மேல் இன்னொரு படலத்தைப் பூசியிருக்கிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் மூடிய வீட்டில் அது கூடவே கூடாது. வாடை தீரும்வரை சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள், ஸ்பிரே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சாமிக்கு நெய்விளக்கு போதும்.

வேலையைத் தொடங்கும் முன் படலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் மூக்குக்குச் சில நிமிடங்களில் வாடை பழகிப்போய்விடும். அது பொய் சொல்லும். அரை மணி நேரம் மொட்டை மாடியில் நின்றுவிட்டு வாருங்கள். கதவைத் திறந்த முதல் இரண்டு மூன்று மூச்சில் வருவதுதான் உண்மையான அளவு. உடனே ஒவ்வோர் இடமாகப் போய் முகருங்கள்: திரைச்சீலை, சோபா முதுகு, பீரோவின் உள், பாத்திர அலமாரி. மூக்கு பழகிவிட்டால் மறுபடியும் வெளியே போய்வர வேண்டும்.

இன்னொரு சோதனை எனக்கு மூக்கைவிட நம்பிக்கையானது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். நாற்காலி போட்டு ஏறி, சமையலறைக் கதவுநிலையின் மேல்விளிம்பில் ஓர் இழுப்பு இழுங்கள். துணியில் வரக்காப்பி நிறத்தில் ஒரு கோடு விழுந்தால் அதுதான் அந்தப் படலம். அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனால், 12 நாள்களுக்கு முன் கதவைத் திறந்தபோது வந்த அதே நெடி அப்படியே இருக்கும். கூடத்திலும் அறைகளிலும் இதே போல இழுத்துப் பாருங்கள். கோடு விழாத அறையின் சுவரைக் கழுவ வேண்டியதில்லை. பாதி வேலை இங்கேயே குறைந்துவிடும்.

திருச்சியில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. பால் தீய்ந்து இரண்டு மாதம். சுவர் கழுவி, திரைச்சீலை மாற்றி, சோபா உறை மாற்றி, எல்லாம் செய்து முடித்திருந்தார்கள். சாயங்காலம் விளக்குப் போட்டால் மட்டும் வாடை வந்தது. அந்த அம்மாள் ‘ஏதோ காத்து கருப்பு’ என்றே முடிவுகட்டியிருந்தார். சமையலறைக் குழல்விளக்கின் பட்டியைக் கழற்றிப் பார்த்தோம். மேல்பக்கம் முழுவதும் பிசின் போல மஞ்சள். விளக்கு சூடானதும் அதுவும் சூடேறி வாடை விட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. கண்ணுக்கு எட்டாத மேல்பக்கங்கள்தான் எப்போதும் விட்டுப்போகின்றன: ஃபேன் இறக்கையின் முதுகு, குழல்விளக்குப் பட்டி, கதவுநிலையின் தலை, பரணின் விளிம்பு, பிரிட்ஜின் உச்சி, எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையும் சட்டமும், சிம்னியின் மேல்தட்டு.

அடுக்குமாடி வீடுகளில் எல்லோரும் மறப்பது ஜன்னலின் கொசுவலை. பல மாத எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிய நைலான் வலை, புகையைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வலை வழியாகத்தான் வீட்டுக்குள் காற்றே வருகிறது. ஜன்னலைத் திறந்தால் வாடை கூடுகிறதே என்று எண்ணியிருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இனிக் கழுவும் முறை. அரை வாளி வெந்நீருக்கு, அதாவது ஏழெட்டு லிட்டருக்கு, நான்கு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கருகல் படலத்தில் அமிலத்தன்மையுள்ள பொருள்கள் நிறைய உண்டு; காரத்தன்மையுள்ள சோடா அவற்றைத் தண்ணீரில் கரையும்படி ஆக்குகிறது, சோப்பு பிசுக்கைப் பிரிக்கிறது. டைல்ஸும் எவர்சில்வர் தொட்டியும் அடுப்புமேடையும் மிகவும் பிசுபிசுத்திருந்தால் ஆப்ப சோடாவுக்குப் பதில் சலவை சோடா போடலாம். அது காரம் கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியத்தின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, கறுத்து, அரித்துவிடும்.

மேலே உள்ளவற்றை முதலில் முடியுங்கள். ஃபேனில் இருந்து சொட்டுவது கழுவிய சுவரில் விழக்கூடாது. ஆனால் சுவர் என்று வந்துவிட்டால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகவே செய்வார்கள். மேலே தேய்த்து அழுக்குநீர் காய்ந்த சுவரில் வழிந்தால், அந்த வழிசல் கோடுகளைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. நனைந்த சுவரில் வழிந்தால் கோடு விழாது. முழங்கையளவு அகலத்துக்குச் சோடாநீரால் துடைப்பது, உடனே சுத்தமான தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பது, பிறகு அடுத்த பகுதி. தண்ணீர் பழுப்பானதும் மாற்றிவிடுங்கள். பழுப்புத் தண்ணீரில் துடைப்பது வாடையை இடம் மாற்றி வைக்கும் வேலை. சுவிட்சுப் பலகை, ஃபேன், விளக்கு இவற்றைத் தொடும் முன் மெயினை அணைப்பதையும், பலகை அருகே நன்கு பிழிந்த துணியை மட்டும் கொண்டுபோவதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கேள்விக்கு நீங்களே விடை பார்க்க வேண்டும்: உங்கள் சுவரில் இருப்பது எமல்ஷனா, டிஸ்டம்பரா? ஈரக்கையால் ஓர் ஓரத்தில் தேயுங்கள். கையில் மாவு போல வெள்ளை ஒட்டினால் டிஸ்டம்பர். அதைக் கழுவ முடியாது, கரைந்து வரும். அந்தச் சுவரைச் சுரண்டி மறுபடி பூசுவதுதான் வழி. எமல்ஷன் என்றால் தைரியமாகக் கழுவலாம்.

உங்கள் கணவர் சொல்லும் பெயின்ட் யோசனையில் ஓர் உண்மை இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. விறகடுப்புக் காலத்தில் பொங்கலுக்கு முன் அடுப்படிக்கு வெள்ளையடித்தார்களே, அது அழகுக்கு மட்டும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்பு வலுவான காரம். புகையின் அமில வாடையை அது முறிக்கும், ஓராண்டுப் படலத்தையும் மூடும். இன்றைய எமல்ஷன் பெயின்டுக்கு அந்தக் குணம் கிடையாது. படலத்தைக் கழுவாமல் அதன்மேல் எமல்ஷன் அடித்தால், பெயின்ட் வாடை போன கையோடு கருகல் வாடை அதைத் தாண்டி எட்டிப்பார்க்கும். சில இடங்களில் மஞ்சளும் ஊறி வரும். 30,000, 40,000 ரூபாய் செலவழித்துவிட்டு மறுபடி என்னை அழைத்த குடும்பங்கள் உண்டு. அப்போது கழுவுவது முன்பைவிடக் கடினம். முதலில் கழுவுங்கள், நன்றாக உலர விடுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். அதன் பிறகும் அடுப்புக்கு மேலுள்ள விட்டத்தில் வாடை நின்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் பெயின்ட் அடித்தால் போதும். வீடு முழுவதும் அடிக்கத் தேவை வராது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் நினைக்கிறேன்.

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரைச்சீலை, உறைகள், கால்மிதி, அடுப்படித் துண்டு எல்லாவற்றையும் வழக்கமான சோப்புத்தூளோடு ஒரு கைப்பிடி ஆப்ப சோடா சேர்த்து வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, மதுரை வெயிலில் போடுங்கள். கழுவ முடியாத சோபாவிலும் மெத்தையிலும் ஆப்ப சோடாவைச் சல்லடையால் சலித்தது போலத் தூவி, ஓர் இரவு விட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். மெத்தையை மாடியில் ஒரு நாள் காயப்போட்டால் இன்னும் நல்லது. துணிகளை மடித்து வைக்கும் முன் முகர்ந்து பாருங்கள். லேசாக வாடை இருந்தாலும் உள்ளே வைக்காமல் இன்னொரு முறை துவையுங்கள். அரிசி, மாவு, காப்பித்தூள், டீத்தூள் இவற்றில் திறந்து கிடந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெண்ணெய் திறந்திருந்தால் வாடையை முழுவதும் வாங்கிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

கழுவும் நாளில் காற்றோட்டத்துக்கு ஒரு சிறு ஏற்பாடு செய்யுங்கள். மேசை ஃபேனைச் சமையலறை ஜன்னலில், வெளியே பார்த்து ஊதும்படி வையுங்கள். வீட்டின் எதிர்ப்புறத்தில் ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். காற்று அந்த ஒரு வழியாக உள்ளே வந்து, வீட்டைக் கடந்து, சமையலறை வழியாக வெளியேறும். எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு மேலே ஃபேனைச் சுழலவிட்டால் வாடை வீட்டுக்குள்ளேயே சுற்றும். அத்தையை அன்று உறவினர் வீட்டில் விட்டுவிட முடிந்தால் மிகவும் நல்லது.

சிலவற்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வாடை போகவில்லை என்ற ஆத்திரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே வாளியில் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ, கழிப்பறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் நச்சுவாயு வரும். மூடிய சமையலறையில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில் இருக்கையில், இது உயிருக்கே வினையாகும். கருகல் வாடைக்குப் பிளீச்சிங் பவுடர் தேவையே இல்லை. வாடை நீக்கும் ஓசோன் இயந்திரம் என்று இணையத்தில் விற்கிறார்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு, ஆள் இருக்கும் வீட்டில் அதை ஓட்டக்கூடாது. காற்றுச் சுத்திகரிப்பான் காற்றில் மிதப்பதைப் பிடிக்கும், சுவரில் ஒட்டியதை அது என்ன செய்யும்? எல்லாம் கழுவி முடித்த பிறகு பீரோவுக்குள் மிச்சமிருக்கும் லேசான வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் பைகள் வைக்கலாம். அந்தக் கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாது. வாடையைப் பிடித்து வைக்கும். கழுவாத வீட்டில் அதுவும் இரண்டு நாளில் நிறைந்துபோகும்.

குக்கரை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. பலர் அடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கேஸ்கட்டை மறந்துவிடுவார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் வளையம் வாடையைக் குடித்துவைத்துக்கொண்டு, அடுத்த மூன்று மாதச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் பகிர்ந்து கொடுக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வெயிட்டைக் கழற்றி, அதன் கீழுள்ள துளையில் ஊசி விட்டுப் பாருங்கள். கடலைத்தோல் கருகி அடைத்திருந்தால் அடுத்த முறை ஆபத்து. சேஃப்டி வால்வை அந்தக் குக்கரின் அதே கம்பெனி, அதே மாதிரிக்குரியதாகவே வாங்குங்கள். தெருமுனையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் போட வேண்டாம். அடி வளைந்திருந்தாலோ, மூடி முன்பு போலச் சரியாகப் பொருந்தாவிட்டாலோ குக்கரையே விட்டுவிடுங்கள். அலுமினியக் குக்கரின் அடியில் கரி நின்றால் சோடாவைக் கொதிக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மரக்கரண்டியால் பெயர்த்தெடுங்கள். எவர்சில்வர் என்றால் ஆப்ப சோடா போட்டே கொதிக்க வைக்கலாம்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்? இரண்டு பேர் சேர்ந்தால் சமையலறைக்கு ஒரு முழு நாள், மற்ற இடங்களுக்கு இன்னொரு நாள். சனி, ஞாயிறு பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரையும் நாற்காலிமேல் ஏற்றிவிடுங்கள். பெயின்ட் அடிக்கத் துணிந்தவர் இதைச் செய்யத் தயங்க மாட்டார். முதல் நாள் முடிந்து மறுநாள் காலையில் வாடை கொஞ்சம் கூடியது போலத் தோன்றும். சுவரில் ஈரம் இருப்பதால் அப்படி. மனம் உடைந்துவிட வேண்டாம். உலர உலரக் குறையும்.

மகளைப் பற்றி எழுதிய வரிதான் என்னை மிகவும் தொட்டது. தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டில் அடுப்பு ஒரு நாள் மறந்துபோவது யாருக்கும் நடக்கும். இதற்காக நீங்கள் அழ வேண்டியதில்லை. சீருடையைத் துவைத்தும் வாடை வருகிறது என்றால், குற்றம் சீருடையில் இல்லை, அது தொங்கும் அலமாரியில். நான் பார்த்த பல வீடுகளில் அப்படித்தான் இருந்தது. அலமாரியைக் காலியாக்கி, உள்சுவர், தட்டுகளின் அடிப்பக்கம், கதவின் உள்பக்கம், துணி மாட்டும் கம்பி, ஹேங்கர்கள் எல்லாவற்றையும் சோடாநீரால் துடைத்து, ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்தே வையுங்கள். தட்டில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். காகிதம் வாடையை நன்றாகப் பிடித்து வைக்கும். அதுவரை சீருடையைத் துவைத்துக் காயவைத்து, பள்ளிப்பையோடு பால்கனிப் பக்கம் மாட்டுங்கள். பையையும் மறந்துவிடாதீர்கள், அதன் பட்டைகளுக்குள் இருக்கும் பஞ்சு புகையைப் பிடித்திருக்கும். திங்கட்கிழமை காலை அவள் கிளம்பும் முன் நீங்கள் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அவள் தோளருகே ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.